தேவகி வைத்த ஹாரன் பரீட்சை

சாலவாக்கத்துத் தேவகி தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்லிக்கொள்வாள். கார் ஓட்டத் தெரியும், கோவப்படத் தெரியும், ஏமாறத் தெரியாது. முதல் இரண்டும் ஊரே ஒத்துக்கொண்ட உண்மை. மூன்றாவதில்தான் தகராறு. அந்தத் தகராறு தீர்ந்த கதைதான் இது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், புருஷன் அசோக் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருக்க, இவள் லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாசலில் நிறுத்தினாள். வாடகைக்கு ஓட்டப் போகிறேன் என்றாள். ஊர் சிரிக்காமல் இருக்குமா? "பொம்பள ஓட்டுற வண்டியில ஏறினா ஊருக்குப் போய்ச் சேருவோமா, இல்ல ஒரேயடியா போய்ச் சேருவோமா?" என்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்தார்கள். கார் அந்த ஒரு மாசமும் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்போது முன் சீட்டில் வந்து முதல் ஆளாக உட்கார்ந்தவர் மணவாளன். மூன்று ஏக்கர் நெல் பயிரிடுகிற பெரிய மனிதர். "எருமை மேலயே ஏறிக்கினு ஏரிக்குப் போனவன் நானு. எனக்கு இன்னா பயம்? எடும்மா வண்டிய" என்றார். உத்திரமேரூர் வரை போய், ஒரு மூட்டை உரம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, டீக்கடை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கல்யாணம், காதுகுத்து, பிரசவம் என்று தேவகியின் போன் ஓயவில்லை. உத்திரமேரூர்க் கோயில் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். அன்றைக்கு அந்த மனுஷர் ஏறாமல் போயிருந்தால் இன்றைக்கு நாம் யார் கழனியிலோ நாற்றுப் பறித்துக்கொண்டிருப்போம் என்பதைத் தேவகி ஒரு நாளும் மறந்ததில்லை. அவரைச் சொந்த அப்பாவைப் போல நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த நைனாவுக்குத்தான் போன வருஷம் ரெண்டு கிட்னியும் கைவிட்டது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். காலை எட்டு மணிக்கு மிஷினில் படுக்க வேண்டும். நான்கு மணி நேரம். லேட்டாகப் போனால் அந்த நேரம் குறையும், ஏனென்றால் அடுத்த ஆள் வெளியே காத்துக்கொண்டிருப்பார். சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர், அங்கிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம். வேறு யார் வண்டியிலும் போக மாட்டேன் என்று மணவாளன் சொல்லிவிட்டார். தேவகிக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை, உள்ளூர ஒரு பயம்.

பயம் எதனால் என்றால், வண்டி நிற்க ஆரம்பித்திருந்தது.

எப்போதும் நிற்காது. பத்து நாள் ராஜா மாதிரி ஓடும். பதினோராம் நாள், ஏதாவது ஒரு மேடு பள்ளத்தில் தொம்மென்று ஏறி இறங்கும்போது பொசுக்கென்று உயிர் போய்விடும். சாவியைத் திருகித் திருகிப் பார்த்தால் அரை மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும், ஒன்றுமே நடக்காத மாதிரி. முதல் தடவை மணவாளன் உள்ளே இருக்கும்போது, மாகறல் திருப்பத்து வேகத்தடையில் நின்றது. மிஷினில் முக்கால் மணி நேரம் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனுஷருக்கு ராத்திரி முழுக்க மூச்சு வாங்கியது.

தேவகி சும்மா இருந்தாளா? உத்திரமேரூரில் மூன்று மெக்கானிக்கிடம் காட்டினாள். பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் பானெட்டைத் தட்டிவிட்டு, "இன்ஜினையே எறக்கிப் பாக்கணும்மா" என்றார். ஏரிக்கரை ஷெட்டுக்காரர், "இன்ஜின் நல்லா கீது. உள்ள கீற கம்ப்யூட்டரு பூட்டுது" என்றார். மூன்றாமவர் கண்ணாடிக் கதவு போட்டு ஆபீஸ் வைத்திருக்கிறவர், உட்கார வைத்து மோர் கொடுத்து, "பெட்ரோல் பம்புதாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று அன்பாகச் சொல்லி மாற்றியும் கொடுத்தார். புதுப் பம்போடு வண்டி அடுத்த வியாழக்கிழமை அதே மாகறல் வேகத்தடையில், அதே மாதிரி நின்றது. இந்தத் தடவையும் மணவாளன் உள்ளே.

ஷேர் ஆட்டோ பிடித்து அவரை ஏற்றி அனுப்பினாள். சாயங்காலம் மணவாளனின் மருமகள் தீபலட்சுமி வந்தாள். சண்டை போடவில்லை. அதுதான் தேவகிக்கு வலித்தது.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்கு மாமா உயிரு முக்கியம். திங்கக்கெழமை ஒரு தபா பாக்கறோம். அன்னிக்கும் நின்னுட்டுதுன்னா வேற வண்டி சொல்லிக்கறேன். நம்பரு கூட வாங்கி வச்சிட்டேன்" என்றாள்.

"நைனா இன்னா சொன்னாரு?"

"அவரு இன்னா சொல்லுவாரு? தேவகி வண்டியிலயே செத்தாலும் பரவால்லன்றாரு. நான் அப்டி வுட முடியுமா?"

தேவகிக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் கோவம் வந்தது. மூன்று பேர் மூன்று நோய் சொல்கிறார்களே, ஒருத்தனாவது உண்மை சொல்கிறானா, இல்லை மூன்று பேருமே என் தலையில் மிளகாய் அரைக்கிறார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கமே வராது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் வண்டிக்குப் பூசை. ஆறு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை. வெளியே கழுவித் துடைத்து, நாலு சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, பானெட்டைத் தூக்கி உள்ளேயும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, இன்ஜின் பக்கத்தில் வட்டமாக ஒரு போல்ட்டுத் தலை இருக்கிறது பாருங்கள், நெற்றி மாதிரியே, அதில் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவாள். அன்றைக்குப் பயத்தில் சந்தனம் கூடவே ஒரு கை அப்பினாள். "தாயே, திங்கக்கெழமை மானத்த காப்பாத்து" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கற்பூரம் அணைகிற நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. உத்திரமேரூர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பாள்! ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். ஆனால் குடத்தில் போடுவதற்கு முன்னாலேயே ஆளைச் சலித்துவிடுவார்கள். சொந்த மனையில் வீடு இருக்கணும், வயசு முப்பத்தஞ்சு ஆகியிருக்கணும், அடுத்தவன் பொருளைத் திருடியவன் பேர் ஓலையிலேயே ஏறக்கூடாது. கூட்டிப் போகிறவர்களுக்கு ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு. ஆளுகிறவனுக்கே அந்தக் காலத்தில் தகுதி பார்த்த ஊரில், ஸ்பேனர் பிடிக்கிறவனுக்குப் பார்த்தால் என்ன?

பூசை பண்ணிய கையோடு குனிந்து, முன்னாலே இருக்கிற ஹாரனின் வயரை ஒரே இழு. கழன்று வந்தது. தொங்கவிட்டு பானெட்டை மூடினாள். ஸ்டியரிங்கில் அமுக்கிப் பார்த்தாள். சத்தமில்லை. கேள்வித்தாள் தயார்.

சனிக்கிழமை காலையில் உத்திரமேரூர். மூன்று பேரிடமும் ஒரே வசனம்: "ஹாரன் அடிக்க மாட்டேங்குது, இன்னான்னு பாருங்க."

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "ஹாரன் எரிஞ்சிட்டுதும்மா, புதுசு போட்டாத்தான்" என்றார். ஃபெயில்.

ஏரிக்கரை ஷெட்டுக்காரர் திறந்தார். தொங்குகிற வயரை நேராகப் பார்த்தார். பார்த்தும், "வயரிங் அல்லாம் எலி கடிச்சிக்கீது. மூணு நாளு வண்டிய வுட்டுட்டுப் போ" என்றார். அடப்பாவி! எலி கடித்ததாம். தேவகிக்கு வாய்வரை வந்துவிட்டது, கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

மோர்க்காரர் இருக்கிறாரே, அவர் பலே கில்லாடி. பானெட்டைத் திறந்ததும் உள்ளே இருந்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி" என்றார். அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வயரைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு, கையில் ஏதோ ஒரு பழைய இரும்பைக் காட்டி, "இந்தப் பார்ட்டுதாம்மா பூட்டுது. மாத்திட்டேன்" என்றார். ஹாரன் கணீரென்று அடித்தது. தேவகி சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவில் நிறுத்தி, வயரை மறுபடி பிடுங்கினாள்.

ஊரில் இன்னும் ஒரே ஆள்தான் பாக்கி. புருஷோத்தமன்.

சாலவாக்கம் ரோட்டில், எடைமேடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. யாரும் போக மாட்டார்கள். வேலை தெரியாது என்று இல்லை, வாய் சரியில்லை. வண்டி கொண்டு வந்தவனையே திட்டுவார். ஒரு வாத்தியாரை, "ஹேண்டு பிரேக்க போட்டுக்கினே ரெண்டு மாசமா ஓட்டிக்கீற, ஒனக்கு யாருய்யா சாவி குடுத்தது?" என்று நடுரோட்டில் கேட்டாராம். தேவகியும் ஆறு வருஷமாக அந்தக் கொட்டகையைக் கடந்துதான் போகிறாள், ஒரு நாளும் நிறுத்தியதில்லை. காசையும் கொடுத்துத் திட்டும் வாங்குவதற்கு அவளுக்கென்ன தலையெழுத்தா?

இப்போது வேறு வழி இல்லை. நிறுத்தினாள்.

"அண்ணே, ஹாரன் அடிக்க மாட்டேங்குது."

ஐம்பது வயசு மனுஷர், எண்ணெய்க் கையோடு வந்து பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். நிமிர்ந்து தேவகியின் கையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"இது தானா கயல்ல. யாரோ புடுங்கிக்கீறாங்க."

தேவகிக்கு நெஞ்சு ஜில்லென்றது. பாஸ்! பாஸ்! ஆனால் மனுஷர் அதோடு விடவில்லை.

"வயரு முனையில குங்குமம் கீது. ஹாரன் இன்னா, பொட்டு வச்சிக்கினு தானா கயண்டுக்கிச்சா? நீதான் புடுங்கிக்கீற. இன்னாத்துக்கு?"

மாட்டிக்கொண்டாள். ஒளிக்கவில்லை, ஒன்றுவிடாமல் சொன்னாள். புருஷோத்தமனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்குப் பரிச்சையா? இருபத்தெட்டு வருசமா ஸ்பேனர் புடிக்கறவனுக்கு நீ பரிச்சை வக்கிறியா? எடு வண்டிய! கெளம்பு மொதல்ல!"

தேவகிக்கும் கோவம் வரும் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன் வக்கக் கூடாது? ஊர ஆளப்போறவனுக்கே தகுதி பாத்து, திருடன்னா ஓலையில பேரு ஏத்தாத ஊரு இது. கோயில் செவுத்துலயே எய்தி வச்சிக்கீறாங்க, போய்ப் பாரு! ஒரு மனுசன் உசுர ஏத்திக்கினு போற வண்டி இது. மூணு பேரு என்னை மொட்டையடிச்சிட்டானுங்க. நாலாவது ஆளு யோக்கியனான்னு நான் பாக்கக் கூடாதா? திங்கக்கெழமை நின்னுட்டுதுன்னா எனக்கு வண்டி பூட்டுது, பொயப்பு பூட்டுது. அதக்கூட வுடு. எங்க நைனாவ நான் இன்னொருத்தன் வண்டியில ஏத்தி வுட்டுட்டு நின்னு பாக்கணும்!"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. புருஷோத்தமன் ஒரு பழந்துணியை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தார்.

"மத்த மூணு பேரும் ஃபெயிலா?" என்றார்.

"ஃபெயிலு."

"மோர் குடுக்கறவன் கூடவா?"

"அவருதான் மொத ஃபெயிலு."

மனுஷருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தகரம் அதிரச் சிரித்தார். "சரி. ஹாரன் வுடு. நெஜ நோவு இன்னா, சொல்லு" என்றார்.

சொன்னாள். அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, டாக்டர்கூட அத்தனை கேட்க மாட்டார். மேட்டில் ஏறும்போது நிற்குமா, இறங்கும்போதா? நிற்கிறபோது டேஷ்போர்டு விளக்கும் அணையுமா? "அணையும்ணே, மொத்தமா இருட்டாயிடும்" என்றதும் தலையை ஆட்டினார். மற்ற மூன்று பேரில் ஒருத்தர்கூட வண்டியில் ஏறி உட்காரவில்லை என்பது தேவகிக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷோத்தமன் ஏறி உட்கார்ந்தார். எடைமேடை முன்னால் இருக்கிற வேகத்தடையில் வேகமாக ஏற்றச் சொன்னார். நாலாவது தடவை தொம்மென்று இறங்கும்போது, பொசுக்! வண்டி செத்தது.

"சூப்பரு! நோவு வந்துட்டுது, இனிமே பேஜாரில்ல" என்று இறங்கினார் அவர். வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷர் அவர்தான்.

கொட்டகைக்குள் தள்ளி, மறுபடி உயிர் வந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு வயராகத் தொட்டு அசைத்தார். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் குங்குமப் பொட்டு வைத்த போல்ட்டுக்கு வருகிற தடித்த வயரை லேசாக ஆட்டினார். இன்ஜின் அணைந்தது. மறுபடி கிளப்பச் சொன்னார். ஆட்டினார். அணைந்தது.

"இங்க வா. இது இன்னா?"

"பொட்டுண்ணே. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம..."

"எத்தினி வருசமா?"

"ஆறு."

ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுரண்டினார். சந்தனம் அடையடையாகப் பெயர்ந்தது. அடியில் குங்குமம், அதற்கடியில் மறுபடி சந்தனம், அதற்கும் அடியில் துரு. போல்ட்டைக் கழற்றியதும், வயரின் முனை அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"இது எர்த்து வயரு. வண்டியில கீற கரண்டு அல்லாம் இது வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பணும். நீ இதும் மேல வாராவாரம் தண்ணி தெளிச்சி, மஞ்ச தெளிச்சி, சந்தனத்தப் பூசி பூசி, துரு புடிக்க வச்சிக்கீற. குலுங்குனா புடிப்பு வுட்டுப் பூடுது. இன்ஜினும் பூடல, கம்ப்யூட்டரும் பூடல, பம்பும் பூடல. வண்டிய நிறுத்துனது நீதாம்மா! ஒனக்கு அறிவு கீதா? சாமிய வெளிய நின்னு கும்புடு! கருவறைக்குள்ள போயி மண்டையில அப்புற?"

ஆறு வருஷமாக எந்தத் திட்டுக்குப் பயந்து அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போனாளோ, அந்தத் திட்டு முழுசும் வந்து விழுந்தது. தேவகிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊருக்கே பரீட்சை வைத்துவிட்டுத் தானே முட்டை வாங்கினால் எப்படி இருக்கும்? ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து சந்தோஷம் குபுகுபுவென்று கிளம்பியது. பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் இதைச் சொல்லவில்லை. அறிவு கீதா என்று கேட்கிற இந்த ஆள்தான் சொன்னார். இத்தனை நாளாகத் தேடியது கிடைத்துவிட்டது.

புருஷோத்தமன் துருவைத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கி, புது முனை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பதினாறு தடவை வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொன்னார். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. கூலி ஒரு நாஷ்டா காசுகூட ஆகவில்லை. கிளம்பும்போது ஹாரன் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஹாரன்?"

"புடுங்கத் தெரிஞ்சவளுக்கு மாட்டத் தெரியாதா? நீயே மாட்டு" என்று உள்ளே போய்விட்டார். தேவகி தானே மாட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் மணவாளன் வழக்கம்போல முன் சீட்டில் ஏறினார். தீபலட்சுமி பின்னால், கையில் போனோடு. அந்த இன்னொரு டிரைவரின் நம்பர் திரையிலேயே இருந்ததைத் தேவகி கண்ணாடியில் பார்த்தாள். உத்திரமேரூர் தாண்டியது. கழனிகள் தாண்டின. மாகறல் திருப்பம் வந்தது. அந்தச் சனியன் பிடித்த வேகத்தடை எதிரே படுத்துக் கிடந்தது. மெதுவாக ஏற்றலாம் என்று தேவகியின் கால் பிரேக்குக்குப் போனது. போன காலை எடுத்தாள். நம்பினால் முழுசாக நம்ப வேண்டும் என்று வழக்கமான வேகத்திலேயே விட்டாள்.

தொம்!

முன் சக்கரம் இறங்கியது. பின் சக்கரம் இறங்கியது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தேவகி ஹாரனில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள் பாருங்கள், மாகறல் முழுக்கக் கேட்டிருக்கும். மரத்தில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன.

"எதிர்ல ஒரு ஈ காக்கா இல்லியேம்மா, யாருக்கு ஹாரன்?" என்றார் மணவாளன்.

"எனக்குத்தான் நைனா!" என்றாள். சிரிப்பும் கண்ணீருமாகப் பொட்டுக் கதையைப் பூராவும் சொன்னாள். ஏமாறத் தெரியாது என்று பீற்றிக்கொண்டவள், தன் கையாலேயே வண்டியை நிறுத்தியதை மறைக்காமல் சொன்னாள். மணவாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ ரெண்டு தபா என்னை நடுரோட்டுல நிறுத்தி வச்சது ஓம் பக்திதானா!" என்றார். எட்டு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். நாலு மணி நேரமும் முழுசாகக் கிடைத்தது.

தீபலட்சுமி இறங்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். போனில் அந்த நம்பரை அழித்தாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு வண்டி கூட ஒரு மாசமா இயுத்து இயுத்துப் போவுது. அந்த மெக்கானிக் நம்பரு குடுங்க."

"குடுக்கறேன். ஆனா அவரு திட்டுவாரு. தப்பு நம்ம மேலதான்னா மூஞ்சிக்கு நேராவே திட்டுவாரு. வாங்கிக்கினு வரணும்."

மத்தியானம் திரும்பும்போது, மணவாளன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எடைமேடை வந்ததும் தேவகியால் அடக்க முடியவில்லை. தகரக் கொட்டகை முன்னால் ஹாரனை நீளமாக அடித்தாள். உள்ளேயிருந்து புருஷோத்தமன் ஸ்பேனரும் கையுமாகப் பாய்ந்து வந்தார்.

"இன்னாத்துக்கு அடிக்கிற? வண்டியில நோயாளி தூங்கறாரு, கண்ணு தெரியல? நீயெல்லாம் ஒரு டிரைவரா?"

தேவகி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"திட்டுண்ணே, நல்லா திட்டு!" என்று கத்திவிட்டு, கியரைப் போட்டுக் கிளப்பினாள்.